இரண்டாவது கை

போன மாதம் ராஜபாளையத்தில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் பதினோரு பேர் கூடினோம். கவிதை பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. பேச்சு எப்படியோ பயங்கரவாதத்துக்கும் அதைத் தடுக்கும் சட்டங்களுக்கும் போய்விட்டது. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தரும் நண்பர் விவாதத்தை முடித்துவைக்கிற தோரணையில் சொன்னார்: "ரெண்டுமே வேணும் சார். தனிமனித சுதந்திரம் ஒரு தட்டு, தேசப் பாதுகாப்பு ஒரு தட்டு. தராசைச் சமமாப் பிடிக்கணும், அவ்வளவுதான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு டீ வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது தலையாட்டியது உறுத்திற்று. ஒரு உவமை பதினோரு பேரையும் ஒரே சமயத்தில் தலையாட்ட வைத்தால் அந்த உவமையைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நாம் கவிதை வாசித்துக் கற்றுக்கொண்ட பாடம். மேடைக் கவிஞர் விஷயத்தில் நமக்கு இருக்கிற இந்தக் கறார்த்தனம் சட்டம், அரசியல் என்று வந்தவுடன் எங்கோ போய்விடுகிறது. உவமை அங்கேதான் அதிக சேதம் விளைவிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தராசைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். கத்தரிக்காய் வாங்குகிறவன் முள்ளைப் பார்க்கிறான். எடைக்கல் தெரிந்த எடைக்கல். இரண்டு தட்டும் அவன் கண் முன்னால் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடையில் போட்டுப் பார்க்கலாம். நண்பரின் தராசில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு தட்டில் இருக்கும் பாதுகாப்பு என்னுடையது. மறு தட்டில் இருக்கும் சுதந்திரம் அநேகமாக என்னுடையது அல்ல, எனக்கு முகம் தெரியாத யாரோ ஒருவனுடையது. என் பாதுகாப்புக்கு அவன் சுதந்திரத்தைக் கொடுத்து நான் சமன் செய்துகொள்கிறேன். இதைச் சமநிலை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தவிரவும் தராசு என்றவுடன் தட்டுகளைத்தான் பார்க்கிறோம். பிடித்திருக்கும் கை உவமைக்கு வெளியே போய்விடுகிறது. நான் பேச விரும்புவது அந்தக் கையைப் பற்றி.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு வங்கி வேலையில் உபயோகமாகக் கிடைத்த ஞானம் ஒன்றே ஒன்றுதான்: எழுதுகிறவன் பாஸ் பண்ணக்கூடாது. சில்லறைத் தொகைகளுக்கு விலக்கு உண்டு. வரம்பு தாண்டினால் நான் போடும் பதிவு இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை வெறும் எழுத்துதான். நான் யோக்கியனா அயோக்கியனா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. யோக்கியனும் தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபரைக் கூட்டிப் போடுவான் என்று வங்கிக்குத் தெரியும். ஆகவே இரண்டாவது கை. கொள்ளையடிக்க வருகிறவனைப் பற்றி வங்கிக்கு இருக்கும் பயம் எந்த அரசாங்கத்தின் பயத்துக்கும் குறைந்ததல்ல. இருந்தும் கொள்ளை பயத்தைக் காரணம் காட்டி இரண்டாவது கையை எடுத்துவிடலாம் என்று எந்த மேலாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாதுகாப்புச் சட்டங்கள் சுதந்திரத்தில் எத்தனை பங்கைக் குறைக்கின்றன என்று கேட்பது இந்த விஷயத்தில் தவறான கேள்வி என்று நினைக்கிறேன். அவை இரண்டாவது கையை எங்கே எடுத்துவிடுகின்றன என்று கேட்க வேண்டும்.

*

இதற்கு நாங்கள் ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. பூ. ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே அதற்குக் கொடுத்தார். காந்தியவாதி. ஆடம்பரம் இல்லாத மனிதர் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1949 ஏப்ரலிலிருந்து 1952 ஏப்ரல்வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். அவரைப் பற்றி எங்கள் ஊரில் எழுதப்படும் மலர்களில் வராத ஒரு விஷயம் உண்டு. இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950லேயே, அடிப்படை உரிமைகள் பற்றிச் சட்டக் கல்லூரியில் இன்றும் முதல் பாடமாகச் சொல்லித்தரப்படும் வழக்குகள் சில அவருடைய அரசாங்கத்துக்கு எதிரான வழக்குகள். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு. ரமேஷ் தாப்பர் எதிர் சென்னை அரசு. இரண்டாண்டு கழித்து, சென்னை அரசு எதிர் வி.ஜி. ராவ்.

அது கம்யூனிஸ்ட் கட்சி சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்த காலம். தெலுங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கத்தின் அச்சம் பொய்யான அச்சம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம் 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கைதிகள் இருபத்திரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதும் அந்தக் காலத்தின் கணக்கில் உண்டு. குமாரசாமி ராஜா கொடுங்கோலர் அல்ல. விஷயம் அதுதான். நல்ல மனிதரின் கையெழுத்துக்கும் இரண்டாவது கை வேண்டும்.

கோபாலன் வழக்கு சுதந்திரத்தின் தோல்வி என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. வாஸ்தவம். தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1950 மே 19 அன்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தோல்வியிலேயே ஒரு சிறு விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 14வது பிரிவு என்று ஒன்று. ஒருவரை எந்தக் காரணங்களுக்காகக் காவலில் வைத்தார்களோ அந்தக் காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்றது அது. மற்ற பல விஷயங்களில் அரசாங்கம் சொன்னதை ஏற்ற நீதிபதிகள் இந்த ஒரு பிரிவை மட்டும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். ஆளை வைத்துக்கொள், ஆனால் காகிதத்தைக் காட்டு என்பது அதன் பொருள். எங்கள் கிளையின் பழைய ஹெட் கிளார்க் யாராவது அன்று பெஞ்சில் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ராவ் வழக்கிலும் இதே இழை ஓடுகிறது. சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கத்தை அரசாங்கம் சட்ட விரோதமானது என்று அறிவித்தது. அரசாங்கத்துக்கு அப்படித் தோன்றியதே போதும். ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, நீதிமன்ற விசாரணை கிடையாது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் குறை கண்டது. சங்கம் நல்லதா கெட்டதா என்பதற்குள் அது போகவில்லை. சுதந்திரத்தின் எடை என்ன, பாதுகாப்பின் எடை என்ன என்று எடைபோட்டு முடிவெடுத்ததைவிட, யார் பார்த்தார்கள், வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டதுதான் அந்தத் தீர்ப்புகளில் உருப்படியான பகுதி.

*

சிலப்பதிகாரத்தை மேடைப் பேச்சாளர்கள் தேய்த்துவிட்டார்கள். கண்ணகி என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வருகிறது. ஆனாலும் கொலைக்களக் காதையை, சிலம்பு உடைபடும் கட்டத்தின் இரைச்சலை ஒதுக்கிவிட்டு, நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பாதுகாப்பின் பெயரால் பேசப்படும் பேச்சை இவ்வளவு துல்லியமாக எழுதிய இடம் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாண்டியன் அவசரத்தில் இருக்கிறான். ஊடியிருக்கும் தேவியின் மாளிகைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் சொன்ன செய்தியைக் கேட்டு ஆணையிடுகிறான். அந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலம்பு கள்வனின் கையில் இருக்குமானால் என்றுதான் அவன் சொல்கிறான். அந்த 'ஆனால்' வீதிக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது. நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டியவன் யார்? செய்தி கொண்டுவந்த அதே பொற்கொல்லன். குற்றம் சாட்டுகிறவனே அடையாளமும் காட்டுகிறான். உண்மையில் திருடியவனும் அவன்தான்.

காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். ஒரு கணம் இரண்டாவது கை நீள்கிறது. பொற்கொல்லன் அதைத் தட்டிவிடும் விதம்தான் அபாரம். கோவலனுக்கு எதிராக அவன் புதிய சான்று எதையும் தருவதில்லை. கள்வர்களின் சாமர்த்தியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து என்று அவர்களுடைய உபாயங்களை அடுக்குகிறான். அரண்மனைக்குள்ளேயே புகுந்த திருடனின் கதையைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இளம் காவலன் ஒருவன், மழை இருட்டில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த திருடன் ஒருவனை நினைவு கூர்கிறான். பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. கடைசியில் எழுத்தறியாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்தக் கதைகள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். திருடர்கள் சாமர்த்தியசாலிகள்தாம். ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கோவலனைப் பற்றியதில்லை. எதிரி அசாதாரணமானவன், ஆகவே சாதாரண விதி இவன் விஷயத்தில் செல்லாது என்பது வாதம். அதில் 'எதிரி' என்ற சொல்லுக்கும் 'இவன்' என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கதைகள் அந்தப் பள்ளத்தை மூடுகின்றன. இன்று தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணிக்கு நடப்பதும் இதுதான்.

*

நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய இலக்கிய வடிவம் ஒன்று இருக்கிறது. வாக்குமூலம். தன்மை ஒருமையில் எழுதப்படுகிறது. 'நான்' என்று தொடங்குகிறது. ஊர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் வருகின்றன. நாவலாசிரியன் ஒருவன் பாத்திரத்தின் குரலில் எழுதினால் அவனுடைய கையை நாம் தேடிப் பார்க்கிறோம், எந்த வாக்கியத்தில் பாத்திரம் பேசுகிறது, எந்த வாக்கியத்தில் ஆசிரியன் பேசுகிறான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். காவல் நிலையத்தில் எழுதப்படும் 'நான்' விஷயத்தில் ஆசிரியன் வேறு, பாத்திரம் வேறு என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. இருந்தும் நமது விமர்சனம் அந்தப் பக்கம் போவதில்லை. கோயம்புத்தூர்க்காரரான மு. சந்திரகுமார் 'லாக்கப்' நாவலை எழுதியபோதும், அது 2015ல் 'விசாரணை' என்று படமானபோதும், அடியைப் பற்றிப் பேசினோம். அடித்து எழுதி வாங்கப்படும் அந்த உரைநடையைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளைக்காரன் இந்த வடிவத்தை நம்பவில்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழுவின் அறிக்கை 1855ல் வந்தது. போலீஸிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி 1861ல் எழுதப்பட்டு 1872ன் சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவாக நிலைத்தது. 2023ன் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டுமானால் நீதித்துறை நடுவரிடம் போய் ஒப்புக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. எழுதுகிறவன் பாஸ் பண்ணக்கூடாது.

1985ல் வந்து 1987ல் விரிவாக்கப்பட்டு 1995ல் காலாவதியான தடாச் சட்டம் இதை மாற்றிற்று. அதன் 15வது பிரிவின்படி எஸ்.பி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் சாட்சியமாகும். படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார் என்று அடியில் சான்றிதழும் வேண்டும். யார் எழுதினாரோ அவரே அந்தச் சான்றிதழையும் எழுதுவார். 1994ல் கர்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதைப் பரிசீலித்தார்கள். இருவர் மாறுபட்டார்கள், பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவின் கதை நமக்குத் தெரிந்த கதை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் தண்டனை என்றது. இந்தத் தீர்ப்பின் ஒரு வினோதத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கொலை தடாச் சட்டம் சொல்லும் பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் மற்றக் குற்றங்களுக்குச் சாட்சியமாகும் என்றும் சொன்னது. சட்டம் வெளியே போய்விட்டது. அதன் உரைநடை உள்ளே இருந்து தண்டனை வாங்கித் தந்தது.

நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்றபின், 2013ல் ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்காக என்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை. எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாக ஆகாது என்பதால் விட்டுவிட்டார்.

நான் அந்த அதிகாரியைத் திட்டப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். விமர்சகனாக எனக்கு இதில் முக்கியம், அவர் சொன்ன காரணம். வடிவத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தை எடுத்துவிட்டார். நாம் எல்லோரும் சிறுகதையில் செய்கிற காரியம். ஒருமையைக் கெடுக்கும் வாக்கியம் வெட்டப்பட வேண்டும் என்பது நம்முடைய அழகியல். இந்த இடத்தில் அந்த அழகியலுக்கு விலை ஒரு மனிதனின் முப்பத்தோரு வருஷம். நடுவர் ஒருவர் முன்னால் அந்தப் பையனை நிறுத்தி, இதில் சொன்னது எல்லாம் இருக்கிறதா, சொன்னது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கப்படவில்லை என்பது தெரியும். 2014ல் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு அவரை விடுவித்தது. குற்றவாளி அல்ல என்று சொல்லவில்லை, விடுவித்தது, அவ்வளவுதான்.

*

எதிர்த் தரப்பை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு சேர்ந்து பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் இறந்தார்கள். கோயம்புத்தூரில் 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். கடைவீதிக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள். மனித உரிமை பற்றி எழுதுகிற நம்மில் சிலர் இந்த எண்களுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அது அசிங்கம். இறந்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. பஞ்சாபில் சாட்சி சொல்ல வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது தடாவை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம். அதைப் பொய் என்று தள்ள முடியாது.

ஆனால் அந்தக் காரணம் எதைக் கேட்கிறது? சாட்சியின் பெயரை மறைக்கலாம், விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம், விசாரிக்கக் கூடுதல் நாட்கள் தரலாம். இவை ஒவ்வொன்றும் தர்க்கத்துக்குரியவை. எழுதியவரே பாஸ் பண்ணலாம் என்ற முடிவு மட்டும் இதிலிருந்து வருவதில்லை. கோயம்புத்தூரில் குண்டு வைத்தவன் தப்பக்கூடாது என்று நினைக்கிறவனுக்குத்தான் இரண்டாவது கை அதிகம் வேண்டும். தப்பான ஆள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வருஷமும் சரியான ஆள் வெளியே இருக்கும் வருஷம். சட்டம் எழுதியவர்களுக்கே இது புரிந்திருக்கிறது. 2002ன் பொடாச் சட்டம் போலீஸ் வாக்குமூலத்தை மறுபடி அனுமதித்தது, ஆனால் 48 மணி நேரத்துக்குள் ஆளையும் காகிதத்தையும் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று சேர்த்தது. பாதுகாப்பு இதனால் இடிந்து விழுந்துவிடவில்லை.

பொடா என்றதும் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சங்கரன்கோவில் அருகே கலிங்கப்பட்டியில் பிறந்தவர், அன்று சிவகாசித் தொகுதியின் எம்.பி. வைகோ. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியபோது அவருடைய கட்சி அதை ஆதரித்தது. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை திருமங்கலம் வழியாகத்தான் போகிறது. ஜூலை 11 அன்று பொடாவில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார். இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது வேறு. தராசுத் தட்டில் தாம் வைப்பது அடுத்தவன் சுதந்திரம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஒரு பேச்சைப் படிக்கும் விதம் பற்றிய வழக்காகவே அது முடிந்தது. பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கம் இல்லாமல் வெறும் தார்மிக ஆதரவு தெரிவிப்பது இந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த எண்ணத்தோடு என்று கேட்டுப் படிக்க வேண்டும் என்பது, இலக்கியம் படிக்கும் எவனுக்கும் முதல் வருஷத்தில் சொல்லித்தரப்படுவது. சட்டத்தைச் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இன்னொருமுறை படி என்றது.

பொடா 2004ல் நீக்கப்பட்டது. அதன் பல அம்சங்கள் 1967ன் சட்ட விரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபுகுந்தன. போலீஸ் வாக்குமூலத்தை அந்தச் சட்டம் சாட்சியமாக்கவில்லை என்பது நல்லதுதான். ஆனால் 2008ல் ஜாமீன் பற்றி ஒரு உட்பிரிவு சேர்க்கப்பட்டது. போலீஸின் குறிப்பேட்டையோ அறிக்கையையோ பார்த்துக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நீதிபதி ஜாமீன் தரக்கூடாது. 2019 ஏப்ரலில் வடாலி வழக்குத் தீர்ப்பு, அந்தக் கட்டத்தில் சான்றுகளை ஆழ்ந்து ஆராயக்கூடாது என்று இதை இன்னும் இறுக்கியது. இரண்டாவது கை இருக்கிறது. அதற்குக் கொடுக்கப்படும் காகிதம் முதல் கை எழுதியது மட்டும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் இந்தச் சட்டத்தின்கீழ்க் கைதானார். நடுக்குவாத நோயாளி, டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாதவர். உறிஞ்சுகுழாய்க்கு மனுப் போட வேண்டியிருந்தது. தம் கணினியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கோப்புகள் தம்முடையவை அல்ல என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னார். 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் கிடைக்காமலே மும்பையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 84. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டதன்பேரில் கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று, அந்தக் கோப்புகள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டவை என்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கை சரியா என்று சோதிக்க ஒரு விசாரணை வேண்டும். இறந்தவர் விஷயத்தில் அந்த விசாரணை நடக்கப்போவதில்லை.

*

கடைசியாக என்னைப் பற்றி. மேலே அந்த அதிகாரியைத் திட்டவில்லை என்றேன். அது பெருந்தன்மையால் அல்ல.

சென்ற வருஷம் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி கவுண்டருக்கு வந்தார். கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போயிருக்கிறது. மனு எழுதித் தரச் சொன்னார். பேரனிடம் ஏ.டி.எம். கார்டைக் கொடுத்ததில் ஆரம்பித்து, மகள் செத்தது, மாத்திரை விலை, பேரனின் சேக்காளி என்று பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. பின்னால் வரிசை நின்றது. எனக்குத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுத வரும். பேரனிடம் கார்டையும் எண்ணையும் கொடுத்தேன், அவன் 18,000 எடுத்துவிட்டான், நடவடிக்கை எடுக்கவும் என்று எட்டு வரியில் முடித்தேன். நல்ல உரைநடை. கைநாட்டு வாங்கினேன். நகல் ஒன்று போலீஸுக்குப் போகும்.

மேலாளர் என்னைவிட இளையவர், இலக்கியம் படிக்காதவர். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினார். பாட்டி கவனமாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏய்யா, அவன்கூட ஒருத்தன் போனான்னு சொன்னேனே, அவனை எங்கய்யா? அவன் இதுல இல்லையே."

நான் அவனை எடுத்துவிட்டிருந்தேன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பேரன்மீது எனக்கு விரோதம் இல்லை. அந்த வாக்கியம் மனுவின் ஓட்டத்தைக் கெடுத்தது, அவ்வளவுதான். மேலாளர் ஒன்றும் சொல்லாமல் புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பத்து வரியில் மறுபடி எழுதினேன். பணத்தை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேரனே எடுத்திருக்கலாம். இரண்டாவது கை உண்மையைக் கண்டுபிடித்துவிடவில்லை. விட்டுப்போன ஆளைத் திரும்பக் காகிதத்தில் ஏற்றியது.

அடுத்த கூட்டத்தில் பொருளாதார நண்பரைப் பார்ப்பேன். அவர் தராசைப் பற்றி மறுபடி பேசினால் தலையாட்டப் போவதில்லை. படித்துக் காட்டியது யார் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.